ஏழாவது மாடியின் ஏழை

லிஃப்ட் நின்றுபோன மூன்றாம் நாள் செயலாளரின் கணவர் காலை ஒடித்துக்கொண்டார். லிஃப்டில் அல்ல, படியில். அதுவும் படி ஏறி இறங்குவதால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று, பின்னால் வந்த பல் டாக்டருக்குத் திரும்பித் திரும்பி விளக்கிக்கொண்டே இறங்கியபோது. "முழங்காலுக்கு இதைவிட நல்ல மருந்தே..." என்பதுவரை டாக்டருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது வேறு சத்தம்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் படியில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடோ ஆறாவது மாடியில். வேறு வழியில்லாமல் அவரை ஊரின் மறுகோடியில், தரைத்தளத்தில் இருந்த தங்கை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று.

செயலாளர் என்று இங்கே சொல்வது அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரான அம்மாளை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவில் அவருக்கு வேலை. மாதாமாதம் நானூறு பேருக்கு வருமான வரி பிடித்துப் பிடித்து, யாரைப் பார்த்தாலும் முகத்துக்குப் பதிலாகப் பிடித்தம்தான் தெரியும். சங்கத் தேர்தல் அன்று காய்ச்சலால் கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி நாத்தனார் வீட்டுக்குப் போவதே இப்போது அவருடைய மாலை நேரம். கணவர் சோபாவில் காலை நீட்டி, தலையணையில் சாய்ந்து, மகாராஜா மாதிரி இருப்பார். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். அதனால் மாவுக்கட்டு முழுக்கப் பூவும் பறவையும் வரைந்து வைத்திருந்தார்.

"அண்ணா இங்க வந்ததிலிருந்து நல்லா சாப்பிடுறார் அண்ணி" என்பாள் நாத்தனார். "அங்க என்னத்தைச் சாப்பிட்டாரோ, பாவம்."

முதல் வாரம் கணவர் இதைக் கேட்டு நெளிந்தார். இரண்டாவது வாரம் நெளியவில்லை. மூன்றாவது வாரம் "இங்க காத்து நல்லா வருது இல்ல?" என்றார். அன்றிரவு வீட்டுக்குத் திரும்பி ஆறு மாடி ஏறிய செயலாளர், குறட்டைச் சத்தம் இல்லாத படுக்கையறையில் விழித்துக்கொண்டே படுத்திருந்து ஒரு முடிவுக்கு வந்தார். லிஃப்ட் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டுப் பிரித்த பிறகும் மனிதர் வரமாட்டார்.

மெக்கானிக் வந்து மொட்டை மாடி அறையில் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். லிஃப்டில் மோட்டார்தான் நம்மைத் தூக்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் உண்மை. கயிற்றின் ஒரு முனையில் நாம் நிற்கிற கூண்டு, மறு முனையில் ஏறக்குறைய அதற்கு ஈடான இரும்புக் கட்டிகள். கூண்டு ஏறினால் கட்டி இறங்கும், கட்டி ஏறினால் கூண்டு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மோட்டார் இழுத்தால் போதும். அதைவிட ஆச்சரியம், கயிறு கப்பியில் எங்கேயும் கட்டப்படவில்லை. கப்பியின் பள்ளத்தில் அழுந்திக்கொண்டு, வெறும் உராய்வால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அந்தப் பள்ளம் தேஞ்சுபோச்சு மேடம். கயிறு வழுக்குது. கப்பி, கயிறு, பிரேக் மூணும் மாத்தணும். மூணு லட்சம் ஆகும்."

"குறைச்சு?"

"குறைச்சா கயிறு மட்டும் மாத்தலாம். ஆனா நான் ஏறமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். ஏழு மாடி, பதின்மூன்று குடும்பம். ஏழாவது மாடியின் இரண்டு வீட்டையும் சேர்த்து இடித்து ஒரே வீடாக்கிக்கொண்டவர் டைல்ஸ்காரர். ஊருக்குள் அவருக்குப் பெரிய டைல்ஸ் கம்பெனி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அவர் ஆரம்பித்தார். "மூணு லட்சத்தைப் பதிமூணால வகுங்க. எல்லாருக்கும் ஒரே லிஃப்ட், எல்லாரும் ஒரே காசு. அதுதான் நியாயம்."

முதல் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் எழுந்தார். எழுந்தால் பாடம் முடியாமல் உட்காரமாட்டார்.

"ஐயா, நான் இந்த லிஃப்ட்ல ஏறி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? கதவு திறக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடறேன். தினம் ஏழு மாடி ஜம்முனு போறவரும் நானும் ஒண்ணா? நான் பென்ஷன்காரன். இருக்கிறவங்க கூட கொடுக்கணும். ஒரே கட்டடம், ஒரே குடும்பம்னு வாய் கிழியச் சொன்னா மட்டும் போதாது."

"சம்பாதிக்கிறது குத்தமா சார்?"

"சம்பாதிக்கிறது குத்தமில்லை. அதைப் பூட்டி வச்சுக்கிட்டு எங்ககிட்ட பங்கு கேக்கிறதுதான்..."

கைகலப்பு வராத குறை. செயலாளர் இருவருக்கும் நடுவே நின்று, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார்: வருமானத்துக்கு ஏற்ற பங்கு. குடும்பத்தின் மாத வருமானத்தில் முதல் ஐம்பதாயிரத்துக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் ஒரு லட்சம்வரை உள்ளதற்கு நூற்றுக்குப் பத்து. அதற்கும் மேலே உள்ளதற்கு நூற்றுக்கு இருபது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

பல் டாக்டர் கை தூக்கினார். "அப்ப நான் ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபா குறைச்சு எழுதிடறேன். ஒண்ணு கூடிட்டா மொத்தத்துக்கும் இருபது போட்டுடுவீங்களே."

செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. நானூறு பேருக்கு வருடா வருடம் விளக்குகிற விஷயம் இது. சம்பள உயர்வு வந்தால் வரியில் எல்லாம் போய்விடும் என்று அழுதுகொண்டு வந்த நர்ஸுகளை உட்காரவைத்து விளக்கியிருக்கிறார்.

"டாக்டர், இப்ப லிஃப்ட் இல்லை. எல்லாரும் படிதான். உங்க வீடு அஞ்சாவது மாடி. நாளைக்கு நீங்க ஆறாவது மாடிக்குக் குடிவந்தா, முதல் மாடிப் படியெல்லாம் உங்களுக்காக உயரமாயிடுமா?"

"ஆகாது."

"ஹெட்மாஸ்டர் ஏறுற அதே முதல் மாடிப் படி, அதே உயரம்தான் உங்களுக்கும். கடைசியில ஏறுற படி மட்டும்தானே புதுசு? அதே மாதிரிதான். ஒரு லட்சத்துக்கு மேல ஒண்ணு வந்தா அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் இருபது. கீழே இருக்கிறதை யாரும் தொடமாட்டாங்க."

"அட!" என்றார் டாக்டர். இருபது வருடமாகத் தப்பாகப் பயந்துகொண்டிருந்தது அந்த "அட"வில் தெரிந்தது.

டைல்ஸ்காரர் மட்டும் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு எல்லோரும் வியக்கும்படி எழுந்து, "செயலாளர் சொல்றதுதான் சரி. இருக்கிறவங்க கொடுக்கட்டும். நான் முழு மனசோட ஆதரிக்கிறேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இவ்வளவு நல்ல மனிதரையா தப்பாக நினைத்தோம் என்று செயலாளருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

உறுத்தல் நாலு நாள்தான் நீடித்தது. ஒவ்வொருவரும் வருமானத்தை எழுதி மூடிய கவரில் கொடுத்தார்கள். பிரித்துக் கூட்டிப் பார்த்தால், மூன்று லட்சம் வேண்டிய இடத்தில் பதினோராயிரம் வந்தது. அதில் நாலாயிரம் செயலாளருடையது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சம்பளம். சம்பளம் என்பது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்த பண்டம், மறைக்க முடியாது. ஆகவே பட்டவர்த்தனமாகத் தொண்ணூறாயிரம் என்று எழுதியிருந்தார். பல் டாக்டரின் பங்கு எண்ணூறு. பென்ஷன்கார ஹெட்மாஸ்டர் ஆயிரத்து நூறு. டைல்ஸ்காரர் முன்னூறு.

செயலாளர் மூச்சு வாங்க ஏழாவது மாடிக்குப் போனார். டைல்ஸ்காரர் மரியாதையாக உட்காரவைத்தார்.

"ஒரு வார்த்தை பொய் இல்லை மேடம். இந்த வீடு யார் பேர்ல? கம்பெனி பேர்ல. கீழ நிக்கிற ரெண்டு கார்? கம்பெனி. நீங்க உக்காந்திருக்கிற சோபா? கம்பெனி."

வாசலில் ஒரு குட்டை நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இது?"

"கம்பெனி காவல் பிரிவு."

"அப்ப நீங்க?"

"நான் கம்பெனியோட சம்பள ஆள். மாசம் ஐம்பத்து மூணாயிரம். ஐம்பதுக்கு மேல மூணாயிரம், நூத்துக்குப் பத்து, முன்னூறு. நீங்க சொன்ன படிக்கணக்குதான்! என்ன அழகா விளக்கினீங்க!"

சட்டப்படி எல்லாம் சரி என்பது செயலாளருக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். பேசாமல் இறங்கி வந்து, சங்க விதிப்படி யார் யார் பங்கு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். வருமானத்தை ஒட்டவில்லை, அது ரகசியம். பக்கத்தில், இனியாவது எல்லோருக்கும் புரியட்டும் என்று, கணவரிடம் சொல்லி வரையவைத்த படிக்கட்டுப் படத்தையும் ஒட்டினார். தரைப்படி பச்சை, நடுப்படி மஞ்சள், மேல்படி சிவப்பு. ஒவ்வொன்றிலும் எவ்வளவுக்கு எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

படம் அருமையாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. படி ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியாதா? பங்கை வைத்துக்கொண்டு படத்தில் கீழ்நோக்கி வந்தால், யாருக்கு என்ன வருமானம் என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். இது செயலாளருக்கு உறைக்கவே இல்லை. எல்லோரும் படத்தின் முன் கூட்டமாக நின்று விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து, என்ன ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பூரித்துப்போனார்.

பலகையைப் படித்துவிட்டு மெக்கானிக் கேட்டார்: "மேடம், இவங்களுக்கு முதல்ல லிஃப்ட் வேணுமா, சோறு வேணுமா?"

பலகை நன்றாகத் தெரிகிறதா என்று காட்டச் செயலாளர் கணவருக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தது நாத்தனார். மாலையில் செயலாளர் போனதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தக் கட்டடத்துலேயே நீங்கதான் பெரிய பணக்காரங்களாமே! டைல்ஸ் கம்பெனி முதலாளியெல்லாம் உங்களுக்குக் கீழயாம்! அப்புறம் ஏன் என் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் கைக்குட்டை?"

"அது... நல்ல துணிம்மா."

"இருக்கும் இருக்கும். ஆனா அண்ணா இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். பணக்கார வீட்ல ஆளைப் பார்த்துக்க நேரமிருக்காது."

கணவர் படத்தைப் பற்றி மட்டும் கேட்டார். சிவப்பு சரியாக வந்திருக்கிறதா? வந்திருந்தது.

காரியம் அப்படியே குட்டிச்சுவராகப் போயிருக்கும். திருப்பியது ஒரு வங்கி அதிகாரி. டைல்ஸ்காரர் புதுத் தொழிற்சாலைக்காக நாலு கோடி கடன் கேட்டிருந்தார். அது விஷயமாக வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி, லிஃப்ட் இல்லை என்று தெரிந்ததும் ஏழு மாடிக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு பலகையின் முன் நின்றார். செயலாளர் அப்போது பக்கத்தில் குடிநீர் அறிவிப்பு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழாவது மாடி முன்னூறா?" என்றார் அதிகாரி. விரல் மஞ்சள் படியில் ஓடியது. "அப்ப மாசம் ஐம்பத்து மூணாயிரம்?"

"படம் புரியுதா சார்?" என்று செயலாளர் ஆசையாகக் கேட்டார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு மேடம்." அதிகாரி போனை எடுத்தார். "சார், நான் கீழதான் இருக்கேன். மேல வரவேண்டிய அவசியம் இருக்கும்னு தோணலை. உங்க வருமானம் இங்கேயே ஒட்டியிருக்கு."

டைல்ஸ்காரர் அந்தக் கட்டடத்தில் படியில் ஓடியதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு காலில் செருப்பு, பின்னால் காவல் பிரிவு.

"கிழிங்க மேடம் அதை!"

"விதிப்படி கிழிக்க முடியாது சார். திருத்தம் வேணும்னா எழுதித் தரலாம்."

"திருத்துங்க! எட்டு லட்சம்!" என்று அதிகாரியின் காதில் விழும்படி கத்தினார்.

"வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு! சம்பளம், லாபப் பங்கு, வாடகை, எல்லாம் சேர்த்து! இது வேற ஏதோ பழைய கணக்கு."

"அப்ப பச்சைக்கு ஒண்ணுமில்லை, மஞ்சளுக்கு ஐயாயிரம், சிவப்புக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம் வரும் சார்."

டைல்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரட்டுமே" என்று டைல்ஸ்காரர் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து காசோலையை எடுத்தார். அதுவும் கம்பெனி பேரில்தான் இருந்தது. செயலாளர் மறுத்து, அவர் பேரில் இருந்த ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி ஏழு மாடி ஏறவைத்தார். அதிகாரி திருத்திய பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கோப்பு ஒரு மாதத்தில் முடிவாகும் என்று சொல்லிப் போனார்.

அடுத்தது பல் டாக்டர். "பாவம், அவர்கிட்ட யாருமே போறதில்லையாம். வேலை சரியில்லையோ என்னமோ" என்று இரண்டாவது மாடியில் ஆரம்பித்த பேச்சு கிளினிக் வரை போய், ஒரே வாரத்தில் ஆறு பேர் பல் பிடுங்கும் யோசனையைக் கைவிட்டார்கள். டாக்டர் ஓடிவந்து ஐம்பத்து எட்டாயிரத்தை மூன்று லட்சமாகத் திருத்தினார். டாக்டர் மூன்று லட்சம் என்றால் எதிர் வீட்டு வக்கீல் என்ன இளைத்தவரா? வக்கீல் ஏறினார். வக்கீல் ஏறியதைப் பார்த்து, மூன்றாவது மாடியில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த துணிக்கடைக்காரரும் ஏறினார். ஏலம் மாதிரி ஆகிவிட்டது. வரி என்றால் ஒளிகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்றால் மார்பை நிமிர்த்தி முன்னால் வந்து நின்றார்கள்.

மாறாதவர்கள் இரண்டே பேர். ஹெட்மாஸ்டரும் செயலாளரும். ஆகவே புதுப் பலகையின் போட்டோவைப் பார்த்த நாத்தனாரின் இரண்டாவது விசாரணையையும் செயலாளர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

"என்ன அண்ணி, போன வாரம் முதல் இடம், இந்த வாரம் பன்னிரண்டாவது? வேலை கீலை போயிடுச்சா? வெக்கப்படாம சொல்லுங்க. அண்ணா இங்கேயே இருக்கட்டும்."

மூன்று லட்சத்துக்குப் பதில் நாலரை லட்சம் சேர்ந்தது. மெக்கானிக் புதுக் கப்பி, புதுக் கயிறு, புது பிரேக் எல்லாம் பொருத்தி, இரும்புக் கட்டியை எடைபோட்டு, சோதித்து முடித்தார். ஆனால் சாவியைத் தரவில்லை. சங்கம் கணக்கை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் தருவேன் என்றார். ஞாயிறு கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பி, செயலாளர் அன்றைக்கே கணவரை வரச் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை யாரும் மறக்கவில்லை.

"திருப்பிக் கொடுக்கணும்" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார். "பதிமூணு குடும்பம், பதிமூணால வகுங்க. எல்லாருக்கும் சமமா. ஒரே கட்டடம், ஒரே குடும்பம்!"

"அது எப்படி?" டைல்ஸ்காரர் துள்ளினார். "வாங்கும்போது படி, கொடுக்கும்போது மட்டும் சமமா? மேல்படியிலிருந்து எடுத்ததை மேல்படிக்குத்தான் திருப்பணும். வேணும்னா படத்தைப் பாருங்க! இதோ சிவப்பு!"

"இருக்கிறவங்களுக்கு எதுக்குங்க காசு? அன்னிக்கு நீங்கதானே எல்லாரும் ஒரே காசுன்னீங்க?"

"அன்னிக்கு நீங்கதானே நீங்களும் நானும் ஒண்ணான்னு கேட்டீங்க?"

கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. போன தடவை எந்தப் பக்கம் நின்றார்களோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம், அதே ஆவேசம். தங்கள் பழைய வாதத்தை எதிராளி வாயிலிருந்து கேட்டுக் கொதித்தார்கள். பல் டாக்டர் படிக்கணக்கைச் செயலாளரைவிட நன்றாக விளக்கினார். வக்கீல் விதிப் புத்தகம் கேட்டார். மெக்கானிக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஓவியக் காலை முன்னால் நீட்டியபடி சக்கர நாற்காலியில் கணவர் இறங்கினார். பூட்டிய லிஃப்டைப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஆகலையா?" என்றார். "அப்ப வேனைத் திருப்பச் சொல்லட்டுமா? அங்க சாப்பாட்டு நேரம்."

செயலாளர் பக்கத்திலிருந்த நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"ரெண்டு பேர் சொல்றதும் வேண்டாம். ஒருத்தர் உண்மையா எவ்வளவு கொடுக்கணுமோ அதுக்கு மேல வாங்கியிருந்தா அதைத் திருப்பறதுதான் முறை. ஆபீஸ்லயும் அப்படித்தான். அதனால, என் வருமானம் நிஜமா இவ்வளவு இல்லை, கூட்டி எழுதிட்டேன்னு யார் எழுதிக் கொடுத்தாலும் வித்தியாசத்தை இப்பவே திருப்பித் தர்றேன். டைல்ஸ் சார், உங்களுக்கு எவ்வளவு?"

டைல்ஸ்காரர் வாயைத் திறந்தார். கடன் கோப்பு இன்னும் முடிவாகவில்லை. மூடினார்.

"டாக்டர்?"

டாக்டரின் நோயாளிகள் நாலு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். "எனக்கென்ன? நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

வக்கீல் விதிப் புத்தகத்தை மூடினார். துணிக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்து, பிறகு தான் எழுதியது நிஜ வருமானம் என்பது நினைவுக்கு வந்து, வருத்தத்துடன் பையில் போட்டுக்கொண்டார். மிச்சப் பணம் லிஃப்டின் வருங்காலப் பராமரிப்புக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்தாயிற்று. சாவி கைக்கு வந்தது.

லிஃப்ட் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. செயலாளர் கணவரின் நாற்காலியை உள்ளே தள்ளினார். இத்தனை நாளைக்குப் பிறகு சேர்ந்து வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். திரும்பிப் பார்த்தால், வேன்காரர் ஒரு பெட்டியை எடுத்துவந்து உள்ளே வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு மடக்குக் கட்டில். பின்னாலேயே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாத்தனார்.

"நீயும் வர்றியாம்மா?"

"அண்ணாவைத் தனியா எப்படி விடறது? ரெண்டு மாசம் இருந்து உடம்பைத் தேத்திட்டுப் போறேன். இத்தனை வருஷமா உங்க வீட்டுக்கு வந்து தங்கணும்னு ஆசைதான் அண்ணி. அந்த லிஃப்டை நம்பி எவ ஏறுவா? இப்பதான் புதுசாச்சே!"

அவள் உள்ளே ஏறியதும் இடம் முடிந்துவிட்டது. கதவு மூடியது. புதுக் கயிறு புதுப் பள்ளத்தில் சிக்கெனப் பிடித்து, குலுங்காமல் கூண்டு மேலே போயிற்று.

செயலாளர் படியில் ஏற ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனும் தங்கையும் சிரிப்பது கேட்டது. இரண்டாவது மாடியைத் தாண்டியபோது சிரிப்பு வெகு உயரத்துக்குப் போய்விட்டிருந்தது. நாலாவது மாடித் திருப்பத்தில் இடுப்பில் கை வைத்து நின்றபோது, மேலேயிருந்து கணவரின் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

"வீட்டுச் சாவி உன் பையிலதானே இருக்கு? கொஞ்சம் சீக்கிரம் வாயேன்!"